அன்றாட வாழ்வில் மகிழ்ச்சி: ஒரு கத்தோலிக்கப் போதனையும் கொருக்குப்பேட்டையும்

மகிழ்ச்சியைக் குறித்துப் பிரசங்கிப்பது போதகருக்கு எளிது. கேட்போருக்கு அது எப்போதும் எளிதாய் இருப்பதில்லை. ஆறு நாளும் சரக்குக் கிடங்கிலோ, பட்டறையிலோ, பிறர் வீட்டு அடுப்படியிலோ உழைத்துக் களைத்து, ஏழாம் நாள் ஆலயத்தில் வந்து அமர்பவர் முன்னிலையில், எப்போதும் சந்தோஷமாயிருக்கும்படி பவுல் பிலிப்பியருக்கு எழுதியதை (பிலி. 4:4) நாம் வாசிக்கிறோம். பவுல் அதைச் சிறையிலிருந்து எழுதினார். நாம் பிரசங்க பீடத்திலிருந்து வாசிக்கிறோம். இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தை உணராத பிரசங்கம், கேட்போரின் சுமையோடு மற்றொரு சுமையைச் சேர்த்துவிடும். துன்பப்படுவது போதாதென்று, மகிழ்ச்சியாய் இல்லையே என்னும் குற்றவுணர்வையும் அவர்கள் வீட்டிற்குக் கொண்டுசெல்வர்.

இக்கட்டுரையில் நாம் ஆராய விழைவது, அன்றாட வாழ்வில் மகிழ்ச்சி காண்பதைப் பற்றிய ரோமன் கத்தோலிக்கப் போதனையாகும். மறைந்த போப்பாண்டவர் பிரான்சிஸ் (1936–2025), 2018 மார்ச் 19-ஆம் நாளிட்டு வழங்கிய ‘கௌதேத்தே எத் எக்சுல்தாத்தே’ என்னும் அறிவுரை மடலை முதன்மையாக எடுத்துக்கொள்கிறோம். ‘மகிழ்ந்து களிகூருங்கள்’ என்பது அந்த இலத்தீன் தலைப்பின் பொருள், துன்புறுத்தப்படுவோரை நோக்கி மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் கூறிய சொற்களிலிருந்து (மத். 5:12) எடுக்கப்பட்டது. இம்மடலை நாம் நூலக மேசையில் வைத்து மட்டும் படிக்கவில்லை. நம் மாணவர் வாரக் கடைசியில் ஊழியம் செய்யச் செல்லும் வடசென்னையை, குறிப்பாகக் கொருக்குப்பேட்டையை மனத்தில் வைத்துப் படித்தோம். ஒரு போதனையின் தரத்தை அறிய இதைவிட நேர்மையான வழி நமக்குத் தெரியவில்லை.

1. மடலின் பின்னணி

பிரான்சிஸின் மடல் திடீரென்று தோன்றியதன்று. அதற்கு நீண்ட மரபு உண்டு. மனிதனின் முழுமையான பேரின்பம் கடவுளைக் காண்பதிலேயே உண்டு. இம்மையில் கிடைப்பது குறையுடைய இன்பமே என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் வகுத்தார். இவ்வரையறை ஆழமானதே. எனினும், பேரின்பத்தைத் தேடுவோர் உலகை விட்டு மடத்திற்குச் செல்வதே சிறந்தது என்னும் எண்ணமும் இடைக்காலச் சபையில் வலுப்பெற்றிருந்தது.

இந்த எண்ணத்தைக் கத்தோலிக்க மரபுக்குள்ளிருந்தே திருத்த முயன்றவருள் பிரான்சிஸ் தெ சாலெஸ் முக்கியமானவர். அவர் ஜெனீவாவின் ஆயர்; ஆயினும் அந்நகரம் சீர்திருத்தச் சபையின் கோட்டையாய் இருந்தமையால் ஆன்சி என்னும் ஊரிலிருந்தே பணியாற்றினார். 1609-இல் வெளியான ‘பக்தி வாழ்வுக்கு முன்னுரை’ என்னும் அவருடைய நூல், பக்தி துறவியருக்கு மட்டும் உரியதன்று. போர்வீரனுக்கும் கைவினைஞனுக்கும் மணமானவருக்கும் அவரவர் நிலைக்கு ஏற்ற பக்தி உண்டு என்று கற்பித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லிசியே நகரத் தெரேசாள் (1873–1897) இதையே இன்னும் எளிமையாக்கினாள். பெருஞ்செயல்களைச் செய்ய இயலாத சிறியவள் தான் என்றும், சிறு செயல்களை அன்போடு செய்வதே தன் வழி என்றும் அவள் கண்டாள். அந்தச் ‘சிறிய வழி’யின் ஆசிரியை தன் கடைசி ஒன்றரை ஆண்டுகளைக் காச நோயோடு மட்டுமல்ல, விசுவாசத்தின் இருளோடும் போராடிக் கழித்தாள் என்பதை நாம் மறக்கலாகாது. ஆகவே அவள் கூறும் மகிழ்ச்சியை மனக்கிளர்ச்சி என்று எண்ணிவிடக்கூடாது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய தன் அமைப்பேட்டின் ஐந்தாம் அதிகாரத்தில், பரிசுத்தத்திற்கான அழைப்பு விசுவாசிகள் அனைவருக்கும் உரியது என்று அறிவித்தபோது, இம்மரபு சபையின் பொதுப் போதனையாயிற்று. 1975 மே மாதத்தில் போப்பாண்டவர் ஆறாம் பவுல், மகிழ்ச்சியைப் பற்றியே தனி மடல் ஒன்றை எழுதினார். தொழில்நுட்பச் சமுதாயம் இன்ப நுகர்ச்சிக்கான வாய்ப்புகளைப் பெருக்க முடிந்ததேயன்றி, மகிழ்ச்சியைப் பிறப்பிக்க அதனால் இயலவில்லை என்பது அதன் கணிப்பு.

2. மடல் கூறுவது

பிரான்சிஸின் மடல் ஐந்து அதிகாரங்களும் 177 பத்திகளும் உடையது. நம் அண்டை வீட்டில் வாழும் பரிசுத்தவான்களை அது முதலில் காட்டுகிறது. பிள்ளைகளைப் பொறுமையோடு வளர்க்கும் பெற்றோர், குடும்பத்திற்காகப் பாடுபட்டு உழைப்போர், நோயாளிகள், முதியோர் ஆகியோரிடம் பரிசுத்தம் விளங்குவதாகக் கூறுகிறது. அங்காடிக்குச் செல்லும் ஒரு பெண்ணை அது எடுத்துக்காட்டாகத் தருகிறது. வழியில் ஒருத்தியைக் கண்டு பேசும்போது புறங்கூறுதலுக்கு மறுக்கிறாள்; வீடு திரும்பியபின் களைப்போடு இருந்தும் மகன் பேசுவதைக் கேட்கிறாள்; கவலை வரும்போது ஜெபிக்கிறாள்; வீதியில் ஏழை ஒருவரைக் கண்டு அன்போடு பேசுகிறாள். இவை பரிசுத்தத்தின் படிகள் என்கிறது மடல்.

நாம் இங்கு மூன்று நன்மைகளைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இது கிருபையின் மேல் நிற்கிறது. இரண்டாம் அதிகாரத்தில் பரிசுத்தத்தின் இரண்டு பகைவர் காட்டப்படுகின்றனர். ஒன்று, அறிவினால் மீட்பு எனும் ஞானவாதம். மற்றொன்று, தன் முயற்சியால் மீட்பு எனும் பெலேகிய மதம். நாம் நம் கிரியைகளினாலன்றி ஆண்டவரின் கிருபையினாலேயே நீதிமான்களாக்கப்படுகிறோம் என்று மடல் வெளிப்படையாகக் கற்பிக்கிறது, அதற்குக் கி.பி. 529-ஆம் ஆண்டின் ஆரஞ்சுச் சங்கத்தைச் சான்றாகக் கொள்கிறது. 1999 அக்டோபர் 31-இல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகக் கூட்டிணைப்பும் ரோமன் கத்தோலிக்கச் சபையும் கையொப்பமிட்ட கூட்டறிக்கையைப் படித்தோர்க்கு இது புதுமையன்று. கத்தோலிக்கர் கிரியைகளையே நம்புகின்றனர் என்று இன்னும் பிரசங்கிப்போர்க்கு இது புதுமையாகவே இருக்கும்.

இரண்டாவது, சிறிய காரியங்களைக் கவனிக்கும் கண் இதற்கு உண்டு. கானாவூரில் திராட்சரசம் குறைவுபட்டது, காணாமற்போனது ஒரே ஓர் ஆடு, விதவை இட்டது இரண்டு காசு, உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் சீஷருக்காகக் கரிநெருப்பின்மேல் மீனை ஆயத்தமாக்கியது எனச் சுவிசேஷங்களிலுள்ள சிறு விவரங்களை நான்காம் அதிகாரம் எடுத்துரைத்து, இத்தகைய விவரங்களை மதிக்கும் சமூகத்திலேயே உயிர்த்தவர் தங்குகிறார் என்கிறது. கோட்பாடுகளைத் தேடி வேதத்தைப் படிக்கும் நமக்கு இது நல்ல திருத்தம்.

மூன்றாவது, மகிழ்ச்சியையும் நகைச்சுவை உணர்வையும் பரிசுத்தத்தின் அடையாளமாக அது கூறுகிறது. நம் சபைகளில் பக்திக்கு அடையாளம் பெரும்பாலும் இறுகிய முகமே. இவ்வகையில் நாம் கற்க வேண்டியது மிகுதி.

3. கொருக்குப்பேட்டையில் எழும் கேள்வி

கொருக்குப்பேட்டை வண்ணாரப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் அருகே, இரயில் பாதைகளையும் பக்கிங்காம் கால்வாயையும் ஒட்டி நெருக்கமாய் அமைந்த பகுதி. துறைமுகத்திற்கும் தொழிற்சாலைகளுக்கும் போகும் சரக்குகளுக்காகவே ஏற்பட்டது போன்ற நிலம் அது. அங்கு ஊழியம் செய்தவர் எவரும் இரயில்வே கேட்டை மறந்திருக்கமாட்டார். சரக்கு இரயில் கடந்துபோகும்வரை பள்ளிப் பிள்ளைகளும், வேலைக்கு விரைவோரும், மருத்துவமனைக்குச் செல்லும் கர்ப்பிணிகளும் அதன் முன் காத்துநின்றனர். மேம்பாலம் வேண்டுமென்று அம்மக்கள் நெடுங்காலம் கேட்டுவந்தனர்.

மூடிய கேட்டின் முன் நிற்பவருக்கு இம்மடல் என்ன கூறும்? காத்திருக்கும் அந்நேரத்தைப் பொறுமையாலும் ஜெபத்தாலும் நிரப்பு, அருகில் நிற்பவரிடம் அன்பாய்ப் பேசு, எரிச்சலுக்கு இடங்கொடாதே என்று கூறும். இது பொய்யன்று. அப்படி நின்ற பெண்களை நாம் அறிவோம். ஒருவர் கையிலிருந்த குழந்தையை மற்றொருவர் வாங்கிக்கொள்வதும், வேர்க்கடலைப் பொட்டலம் கைமாறுவதும், சிரிப்பொலி எழுவதும் அங்கு உண்டு. ஆனால் அந்தக் கேட்டின் முன் எழும் மற்றொரு கேள்விக்கு மடலின் அங்காடிப் பெண் பதில் கூறுவதில்லை: ஒரு தலைமுறைக்கு மேலாக இம்மக்களே ஏன் காத்திருக்க வேண்டும்? நகரின் சரக்கு தாமதமின்றிச் செல்வதற்காக யாருடைய நேரம் செலவிடப்படுகிறது? பொறுமை, தனிமனிதரின் நற்குணமாய் இருக்கும்போது பரிசுத்தம். ஒரு பகுதி மக்கள்மேல் மட்டும் சுமத்தப்படும்போது அது வரி. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பது இறையியல் பிழை.

சற்று வடக்கே சென்றால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கலந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது; மீனவரே தம் படகுகளில் சென்று அதை அள்ள வேண்டியதாயிற்று. அதே மாதம் 26-ஆம் நாள் இரவில் அம்மோனியா கசிவால் எண்ணூர் மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். இம்மக்கள் மறுநாள் காலையில் அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குத் தலைவாரி, ஒருவரையொருவர் கேலி செய்து சிரித்தனர் எனில், அச்சிரிப்பு கடவுளின் ஈவு என்று நாம் கூறலாம். ஆனால் அச்சிரிப்பைக் காட்டி, ஏழைகள் எளிமையில் மகிழ்கிறார்கள் என்று வெளியூரிலிருந்து வந்தவர் எழுதும்போது, அவர் பிறருடைய கிருபையைத் தம் மனநிம்மதிக்குப் பயன்படுத்திக்கொள்கிறார். வாரக் கடைசியில் சென்று திரும்பும் நம் மாணவர் எழுதும் அறிக்கைகளிலும் இச்சோதனை உண்டு. நாமும் அப்படி எழுதியிருக்கிறோம்.

மடலுக்கு நீதியாய் இருக்க வேண்டுமாயின் ஒன்றைக் கூறவேண்டும். அதன் மூன்றாம் அதிகாரம் நீதியின்மேல் பசிதாகமுள்ளோரைப் பற்றிப் பேசுகிறது. மத்தேயு 25-இன் நியாயத்தீர்ப்பைப் பரிசுத்தத்தின் அளவுகோலாக வைக்கிறது. பிறருடைய சமுதாய ஈடுபாட்டை உலகப்பற்று என்று சந்தேகிப்போரைக் கண்டிக்கிறது. பிரான்சிஸின் 2015, 2020-ஆம் ஆண்டுகளின் சுற்றுமடல்களோடு சேர்த்துப் படிக்கும்போது, அமைப்புகளின் பாவத்தைக் குறித்து அவர் அறியாதவர் என்று எவரும் சொல்ல முடியாது. நம் குறை வேறு. நீதியைப் பற்றிய அதிகாரமும் மகிழ்ச்சியைப் பற்றிய அதிகாரமும் ஒரே மடலில் அடுத்தடுத்து இருந்தும், அங்காடிப் பெண்ணின் கதைக்குள் இரண்டும் சந்திக்கவில்லை. அவள் ஏழையிடம் அன்பாய்ப் பேசுகிறாள். அவளே ஏழையாய் இருந்தால் என்ன செய்வாள் என்பது சொல்லப்படவில்லை. ரேஷன் கடை வரிசையிலும் தண்ணீர் லாரிக்கு முன்னும் நிற்பவளை மையமாக வைத்து அக்கதையை மீண்டும் எழுதினால், அவளுடைய பரிசுத்தத்தின் படிகளில் ஒன்றாக, அண்டை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்திற்குச் செல்வதும் இடம்பெறும்.

கத்தோலிக்க மரபிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. பெல்ஜிய நாட்டு ஜோசப் கார்டின் (1882–1967) 1925-இல் நிறுவிய இளங்கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் இந்தியாவிலும் பரவியது. கண்டறிதல், வேத வெளிச்சத்தில் தீர்மானித்தல், செயற்படுதல் என்னும் அதன் முறை, ஆலை வாயிலிலிருந்து தொடங்கியது. இளம் தொழிலாளி தன் மாண்பை அறிந்து, தோழரோடு சேர்ந்து நிற்பதில் அடையும் மகிழ்ச்சி அங்கு உண்டு. அன்றாட வாழ்வின் பக்தியைப் பற்றிய மடலில் இந்த மகிழ்ச்சிக்கு இன்னும் விரிவான இடம் கிடைத்திருக்க வேண்டும்.

4. நம்மைக் குறித்து

பிறர் நூலைத் திறனாய்வு செய்வோர் தம் வீட்டையும் பார்க்க வேண்டும். அன்றாட வேலையே கடவுளின் அழைப்பு என்னும் போதனையைச் சபைக்கு மீட்டுத் தந்தவர் லுத்தர் என்று நாம் பெருமை கொள்கிறோம். 1522-இல் திருமண வாழ்வைப் பற்றி எழுதியபோது, குழந்தையின் அழுக்குத் துணியைத் துவைக்கும் தகப்பனைக் கண்டு ஊரார் நகைத்தாலும், கடவுள் தம் தூதரோடு அவனைக் கண்டு மகிழ்கிறார் என்னும் கருத்தை அவர் கூறினார். தெ சாலெஸுக்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே அன்றாட வாழ்வின் மகிழ்ச்சிக்கு இவ்வளவு வேடிக்கையும் ஆழமும் கலந்த சான்று நம் மரபில் இருந்தது.

ஆனால் அந்தப் போதனையைக் கொருக்குப்பேட்டைக்கு அடுத்துள்ள வண்ணாரப்பேட்டைக்குக் கொண்டுசென்று பாருங்கள். கம்பெனியாரின் துணி வாணிபத்திற்காகத் துணி வெளுத்தவர்கள் குடியிருந்ததால் அப்பெயர் பெற்ற ஊர் அது. அங்கு துணி துவைத்தல் தகப்பனின் அன்புச் செயல் மட்டுமன்று. பிறப்பினால் ஒரு குலத்தின்மேல் சுமத்தப்பட்ட தொழில். அவனவன் அழைக்கப்பட்ட நிலையிலேயே நிலைத்திருக்கட்டும் என்பதை (1 கொரி. 7:20) சாதியடுக்குள்ள சமுதாயத்தில் விளக்கமின்றிப் பிரசங்கித்தால், கடவுளின் அழைப்பு குலத்தொழிலுக்குக் காவல் நிற்கும். அதற்கு அடுத்த வசனத்திலேயே, விடுதலை பெறக்கூடுமானால் அதைப் பற்றிக்கொள்ளும்படி பவுல் அடிமைக்குச் சொல்கிறார் என்பதை நாம் எத்தனை முறை சேர்த்து வாசித்திருக்கிறோம்? மலக்குழியில் மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்தபின்னும் அதில் உயிர்கள் மாண்டிருக்கின்றன. அவ்வேலையில் மகிழ்ச்சி காணும்படி எந்தப் போதகரும் சொல்லத் துணியலாகாது. எல்லா வேலையும் அழைப்பன்று; சில வேலைகளிலிருந்து வெளியேறுவதே அழைப்பு.

மற்றொன்றிலும் நாம் தாழ்மையோடு கற்க வேண்டும். இராயபுரத்திற்கு அப்பெயர் வந்தது, பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் அழைத்த இராயப்பர் என்னும் பெயரால் என்பர். அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம், அலைகளைக் கடந்து கப்பலுக்கும் கரைக்கும் படகு ஓட்டிய மக்களோடு பிணைந்தது. அத்தகைய உழைக்கும் மக்களின் மகிழ்ச்சி ஆண்டுத் திருவிழாவிலும், கொடியேற்றத்திலும், தேர்ப்பவனியிலும் வெளிப்பட்டபோது, சீர்திருத்தச் சபையாராகிய நாம் அதை ஆரவாரம் என்று ஒதுக்கினோம். பரிசுத்தவான்களின் பரிந்துபேசுதலைப் பற்றிய நம் மறுப்பு நிலைத்திருக்கிறது. மரியாளை நோக்கி முடியும் இம்மடலின் இறுதிப் பகுதியிலும் நாம் வேறுபட்டே நிற்கிறோம். அந்த மரியாள் பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளும் கடவுளில் களிகூர்ந்தவள் (லூக். 1:46–55) என்பதையும் நினைவூட்ட விரும்புகிறோம். எனினும் மகிழ்ச்சி கூடிக்கொண்டாடப்பட வேண்டியது என்பதை அத்தேர் நமக்கு முன்னரே சொல்லிவந்தது. நம் சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலத்திலும், ஒரே பந்தியில் அமரும் அசனத்திலும் அந்த மகிழ்ச்சியின் சிறு பங்கு எஞ்சியுள்ளது. அதை வருமானத்திற்கான வழி என்று மட்டும் எண்ணாமல், இறையியலாகக் கருதிப் போற்றுதல் தகும்.

5. ஒரு சொல்லும் ஒரு முடிவும்

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் வழங்கிய வாழ்த்துச் சொல்லை நம் பழைய மொழிபெயர்ப்பு ‘பாக்கியவான்கள்’ என்றது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து ஆக்கி 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘பேறுபெற்றோர்’ என்றது. பாக்கியம் என்பது நம் மக்கள் வழக்கில் விதியோடும் அதிர்ஷ்டத்தோடும் கலந்துவிட்ட சொல். அவருக்கு அந்தப் பாக்கியம் உண்டு, நமக்கில்லை என்று பெருமூச்சு விடுவதற்கே அது பெரிதும் பயன்படுகிறது. பேறு என்பதோ பெறுதலிலிருந்து வந்தது. கொடுப்பவர் இன்றிப் பெறுதல் இல்லை. ஆகவே அச்சொல்லுக்குள் கிருபை இருக்கிறது. மகப்பேறு என்னும்போது அதே சொல் வேதனையோடும் பிறப்போடும் சேர்ந்து நிற்கிறது. மகிழ்ச்சி கடவுளிடமிருந்து பெறப்படுவது; அது சில நேரங்களில் வேதனையினூடே பிறப்பது. பிரான்சிஸின் மடல் சொல்ல விரும்பியதன் சாரத்தைத் தமிழ் ஒரு சொல்லில் வைத்திருக்கிறது எனலாம்.

அன்றாட உழைப்பையும் மகிழ்ச்சியையும் நீதியையும் ஒன்றாக வைத்த ஒரு வேதபகுதியை இறுதியாகச் சுட்ட விரும்புகிறோம். யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரத்தில் மோசேயும் ஆரோனும் பார்வோனிடம் முதலில் கேட்டது, வனாந்தரத்தில் தம் மக்கள் தங்கள் கடவுளுக்குப் பண்டிகை கொண்டாட விடுப்பு. பார்வோன் அவர்களைச் சோம்பேறிகள் என்றான்; வைக்கோல் தராமல் அதே கணக்குக்குச் செங்கல் அறுக்கச் சொன்னான். கொண்டாட விரும்புவதே அடிமைகள் செய்த முதல் குற்றம். எனவே மகிழ்ச்சியைக் கேட்பதும் விடுதலையைக் கேட்பதும் வேதத்தில் இரு வேறு வேண்டுதல்கள் அல்ல. மகிழ்ச்சியை மட்டும் பேசி விடுதலையை மறைப்போரும், விடுதலையை மட்டும் பேசி மகிழ்ச்சியை அற்பமென்போரும் அந்த அதிகாரத்தைப் பாதியே படித்தவர்கள். பின்னவரில் நம் இறையியல் கல்லூரிகளில் பயின்றோர் பலர் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே இம்மடலைப் போதகரும் மாணவரும் படிக்குமாறு பரிந்துரைக்கிறோம். ஆனால் தனியே அமர்ந்து படிக்க வேண்டாம். சபையில் உள்ள தொழிலாளர், வீட்டுவேலை செய்யும் பெண்கள் சிலரை அழைத்து, அந்த அங்காடிப் பெண்ணின் பகுதியை அவர்களுக்குச் சொல்லுங்கள். உங்கள் நாளில் மகிழ்ச்சி எப்போது வருகிறது, அதை யார் எடுத்துவிடுகிறார்கள் என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்டு, அவர்கள் பேசி முடிக்கும்வரை பேசாதிருங்கள். அடுத்த ஞாயிறு பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் நான்காம் அதிகாரத்தை வாசிக்கும்போது, நாம் முன்பு சொல்லிவந்த பிரசங்கத்தைச் சொல்ல முடியாமற்போகும். அதற்குப் பதிலாக என்ன சொல்வது என்பதை அம்மக்களே நமக்குக் கற்றுத் தருவர்.